நல்லாத்தான் இருக்கு

முன்னொரு காலத்தில், ஆறுகள் இன்னும் அகலமாக ஓடிய நாளில், செம்பியூர் ராஜ்ஜியத்தில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று மூன்று நாளும் புருஷன் பெண்டாட்டிக்கு நாளுக்கொரு பரிசு தர வேண்டும். மூடிய கைக்குள் அடங்குகிற பொருளாக இருக்க வேண்டும். யானை கொடு என்றால்கூடக் கொடுத்துவிடலாம். யானையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சின்னப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் மனிதனுக்கு உயிர் போகிறது.

அங்கே மருதப்பன் என்றொரு படகோட்டி இருந்தான். ஐம்பதைத் தாண்டியவன். அவன் மனைவி தெய்வானை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம், எண்பத்தொரு பரிசு. சீப்பு கொடுத்தான், வளையல் கொடுத்தான், குங்குமச் சிமிழ் கொடுத்தான். எதைக் கொடுத்தாலும் அவள் சொன்னது ஒன்றே.

"நல்லாத்தான் இருக்கு."

நல்லா இருக்கு என்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான். நல்லா இல்லை என்றிருந்தால் மாற்றியாவது வாங்கியிருப்பான். நடுவில் அந்தத் 'தான்' வந்து நிற்கிறதே, அதை என்ன செய்வது?

இருபத்தெட்டாம் வருஷம், போகிக்கு முதல் நாள் காலையில், ஒரு மந்திரவாதி படகில் ஏறினான். எதிர்காற்றில் துடுப்புப் போட்டு அக்கரை சேர்த்தான் மருதப்பன்.

"பத்திரமாக் கொண்டுவந்துட்டே. ஒரு வரம் கேளு," என்றான் மந்திரவாதி.

"என் பெண்டாட்டி எதுவுமே வேண்டாம்னு இருக்கணும் சாமி. அது போதும்."

"நல்லா யோசிச்சியா?"

"இருபத்தேழு வருஷமா அதைத்தானே யோசிக்கறேன்."

மந்திரவாதி ஆற்றுநீரை அள்ளி ஊதினான். மருதப்பன் சந்தோஷமாக வீட்டுக்குப் போனான். தெய்வானை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"வேண்டாம்."

"தண்ணி தரவா?"

"வேண்டாம்."

"கொஞ்சம் படுக்கிறியா?"

"வேண்டாம்."

அவள் பாதத்தைத் தொட்டான். பாதம் கல்லாகியிருந்தது.

விழுந்தடித்துக்கொண்டு படகேறி, அக்கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்த மந்திரவாதியிடம் ஓடினான். "ஆசையில்லாத உடம்பு கல்லாத்தான் போகும்," என்றான் அவன். "மாட்டுப் பொங்கலன்னிக்குச் சூரியன் மறையறப்போ முழுக்கக் கல்லாயிடும். அதுக்குள்ள நீ குடுக்கிற பரிசைப் பார்த்து அவ வாயால நல்லா இருக்குன்னு வரணும். 'தான்' வரக் கூடாது."

மருதப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டான். "அதுக்கு என்னையே கல்லாக்கிடுங்க சாமி. வேற வழி சொல்ல மாட்டீங்களா?"

"எனக்கு வேற வழி தெரிஞ்சா, பண்டிகையும் அதுவுமா வீட்டுக்குப் போகாம ஏன்யா சுத்தறேன்?"

போகியன்று கடைவீதியை மூன்று முறை சுற்றினான்.

"எந்த மாதிரி வேணும்?" என்றான் கடைக்காரன்.

"அவளுக்குப் பிடிச்ச மாதிரி."

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வந்து நிக்கறேன்?"

சிவப்புக்கல் மூக்குத்தி ஒன்றை வாங்கிவந்து அவள் கையில் வைத்தான். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். முழங்கால்வரை கல்லானது.

பொங்கலன்று படகில் வந்த பெண்களைக் கேட்டான். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவரும் ஒப்புக்கொண்ட ஒரே பொருள் சவ்வாது. வாங்கி வைத்தான். "நல்லாத்தான் இருக்கு." இடுப்புவரை கல்லானது.

மாட்டுப் பொங்கலன்று மருதப்பன் கடைக்குப் போகவில்லை. கரையோரம் நடந்துகொண்டே இருந்தான். இத்தனை வருஷம் யாருக்காக வாங்கினேன்? அவளுக்காகவா, அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகவா? பொழுதுதான் சாய்ந்தது. வெறுங்கையோடு போக முடியாதே என்று வழியில் பழுத்துக்கிடந்த இலந்தையில் ஒன்றைப் பறித்தான்.

தெய்வானைக்கு மார்புவரை கல்லாகியிருந்தது. கையும் முகமும்தான் மிச்சம்.

"ஏன்டி, அந்தத் 'தான்'ங்கிறதை நீ எங்கேருந்துதான் பிடிச்சே?"

"உங்க மனசு நோகுமேன்னு இத்தனை நாள் சொல்லல. இப்போ அந்த அக்கறையும் போயிடுச்சு, சொல்றேன்," என்றாள் அவள். "பொருளைக் கையில வச்ச உடனே என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சுக்கறீங்க. தீர்ப்புக்குக் காத்திருக்கிற திருடன் மாதிரி கண்ணு கொட்டாம நிக்கறீங்க. நான் உங்களைப் பார்ப்பேனா, பொருளைப் பார்ப்பேனா? எதையாவது சொல்லி அனுப்பணும்னு சொல்றது அது. நீங்க குடுத்ததுல ஒண்ணைக்கூட நான் சரியாப் பார்த்ததில்ல."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே."

அவன் பழத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டு, முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து நின்றான். திரும்பு என்றது கழுத்து. திரும்பவில்லை. திரும்பு என்றது நெஞ்சு. திரும்பவில்லை. சூரியன் ஆற்றைத் தொட்டது. அப்போதும் திரும்பவில்லை.

பின்னால் சின்னதாய் ஒரு கடி கேட்டது. கொட்டை ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

"நல்லா இருக்கு."

மருதப்பன் மூச்சு விடவில்லை. இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று காத்திருந்தான். காய்ந்த சேறு உதிர்வதுபோல் கல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இன்னொண்ணு இருக்கா?" என்றாள் தெய்வானை.

இல்லை. பறிக்கும்போதே நாலு பறித்திருக்க மாட்டேனா என்று தன்னையே திட்டிக்கொண்டு, மனுஷன் மங்கிய வெளிச்சத்தில் ஆற்றங்கரைக்கு ஓடினான். முள் கையைக் கிழித்தது. மடி நிறையப் பறித்தான்.

கல்லானவள் எழுந்தாள், கதையும் எழுந்து போயிற்று. கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நல்லது நடக்கட்டும்.