மணல் இல்லாத உப்பு

பழைய சீனப் பேரரசின் மலைக்காடு ஒன்றில் ஓர் ஆறு ஓடியது. அதன் மேற்குக் கரையில் உப்புக் கிணறு இருந்தது. ஓர் எருமை ராட்டினத்தைச் சுற்றும். மூங்கில் குழாயில் உப்புநீர் மேலே வரும். அதைக் காய்ச்சினால் வெள்ளை வெளேரென்று உப்பு!

ஆனால் கிழக்குக் கரை விலங்குகள் அதைத் தொடக்கூடாது. எங்கோ தொலைவிலிருந்து வரும் கடல் உப்பைத்தான் அவை தின்ன வேண்டும். அது புலியரசரின் சட்டம். அந்த உப்பை விற்கும் உரிமை நரிக்கு மட்டும். இப்படி ஒரு சட்டம் வந்தால் கொழுப்பது யார்? நரிதான்!

நரி உப்பில் பாதிக்குப் பாதி மணலைக் கலந்தது.

கிழக்குக் கரையில் ஒரு மான்குட்டி உப்பில்லாமல் துவண்டு கிடந்தது. மணல் உப்பை நக்கினால் கக்கியது. தாய்மானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரையில் இங்குமங்கும் ஓடியது. கடைசியில் ஆற்றில் பாய்ந்து மேற்குக் கரை ஏறியது.

"எருமை அண்ணே! என் பிள்ளைக்கு ஒரு வாய் உப்பு கொடு!"

"ஐயோ தங்கச்சி! நரி பார்த்தால் என் தோலை உரித்துவிடுவானே!"

"உன் தோலை உரித்து முடிக்க அவனுக்கு ஒரு மாதம் ஆகும். என் பிள்ளை இன்றைக்கே போய்விடுவான்!"

எருமை ராட்டினத்தை நிறுத்தியது. இலையில் உப்பைப் பொதிந்து கொடுத்தது.

மான் கிழக்குக் கரைக்குத் திரும்பியதும் நரி வழிமறித்தது. "கள்ள உப்பு! நட அரசரிடம்!"

கள்ள உப்புக்குத் தண்டனை மரணம். மான் புலியின் முன்னே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. அதன் கண் குட்டி கிடந்த பக்கமே போனது.

"இது கிணற்று உப்பு என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டது புலி.

"நக்கிப் பாருங்கள் மகாராஜா! மணலே இல்லை! நம் கரை உப்பு என்றால் மணல் இருக்கும். மணல் இல்லையென்றால் அது கள்ள உப்பு!"

புலி நக்கிப் பார்த்தது. பிறகு தன் சாப்பாட்டுக் கிண்ணத்து உப்பையும் நக்கியது.

"என் உப்பிலும் மணல் இல்லையே! அப்படியானால் நானும் கள்ளனா?"

"ஐயையோ! அதை நானே சலித்தல்லவா உங்களுக்கு அனுப்புகிறேன்!"

"எதைச் சலிக்கிறாய்?"

"மணலைத்தான், மகாராஜா…" என்ற நரி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது.

"அப்படியானால் மணலைக் கலந்தவன் நீதான்! உன் சாட்சி செல்லாது! மானே, நீ போ! டேய் நரி, நீ கலந்து வைத்த உப்பையெல்லாம் என் கண்ணெதிரே தின்னு!"

நரி தின்பதைப் பார்க்க மான் அங்கே நிற்கவில்லை. பொதியைக் கவ்விக்கொண்டு பறந்தது. குட்டி நக்கியது. கக்கவில்லை. மறுபடி நக்கியது. பொழுது சாய்வதற்குள் தள்ளாடி எழுந்து தாய்மடியை முட்டியது.

புலி சட்டத்தை மட்டும் மாற்றவில்லை. அரசர்கள் என்றைக்கு மாற்றினார்கள்!

அடுத்தவனைத் திருடன் என்று காட்ட அவசரப்படும் திருடன், தன் திருட்டைத் தானே சொல்லிவிடுவான்.