முசுறுப் பிள்ளைகள் தைத்த வீடு

அந்தக் காலத்தில் எறும்பும் சிலந்தியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. மரங்கூடப் பேசியதாம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அது சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மாமரத்துச் செவ்வெறும்புகளை முசுறு என்போம். முசுறுகளுக்கு அப்போது வீடு கிடையாது. அவற்றின் பிள்ளைகள் அரிசிமணி போல வெள்ளையாக, கையும் இல்லாமல் காலும் இல்லாமல், மரப்பட்டை இடுக்கில் கிடக்கும். வாய் மட்டும் உண்டு. அதுவும் சும்மா இருக்காது. ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றிலும் கொஞ்சம் நூல் இருந்தது. பெரிய எறும்பாக மாறுவதற்கு முன் அதை வாயால் இழுத்துத் தனக்கென்று ஒரு போர்வை நெய்து, அதற்குள் தூங்கும். போன மழையில் பாதிப் பிள்ளைகளைப் போர்வையோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த மழைக்கு ஒரு பிள்ளையைக்கூட விடுவதில்லை என்று காத்தாயி என்ற முசுறு முடிவு செய்தாள். இலையோடு இலையை ஒட்டுப்போட்டுத் தைத்து, எல்லோரும் உள்ளே இருக்கிற மாதிரி ஒரு வீடு. அதற்காகச் சிலந்தியின் காலைப் பிடித்து ஓர் உருண்டை நூல் வாங்கினாள். எட்டுக் காலையும் பிடிக்க வேண்டியிருந்தது. தங்கைகள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி கவ்வி, சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் பிடித்தார்கள். காத்தாயி தைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, நானும் தைக்கிறேன்" என்றாள் அவளுடைய கடைக்குட்டி பொட்டு.

"உனக்குக் கையே இல்லையேடி! எதுல தைப்பே?"

"வாயால தைப்பேன்."

"அந்த வாயை மூடிக்கிட்டுக் கிட. அதுவே எனக்குப் பெரிய உதவி."

கேட்டதுதான் தாமதம், மற்றப் பிள்ளைகளும் ஆரம்பித்தன. நானும்மா, நானுந்தாம்மா, அவளுக்கு மட்டும் ஏம்மா! பெற்றவளுக்குத்தான் தெரியும் அந்த நச்சரிப்பு. காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இடுப்பு விட்டுப்போச்சு, சீக்கிரம்!" என்று கத்தினாள் நடுவில் தொங்கிய தங்கை.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள் அல்லவா? பிடி விட்டது. சங்கிலி அறுந்து, இலைகள் படாரென்று விலகி, போட்ட தையலெல்லாம் தெறித்துப் போயிற்று.

"இடுப்பு வலிச்சா மனசுக்குள்ள கத்துங்கடி!" என்று காத்தாயி ஓடிப்போய் எல்லோரையும் பழையபடி கவ்வ வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் பிள்ளைகள் உதவி செய்திருந்தன. நூல் உருண்டையின் மேல் உருண்டு புரண்டு, எது நூல் எது பிள்ளை என்று தெரியாமல் ஒரே சிக்காகக் கிடந்தன. காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிலந்தி அக்கா, இன்னும் கொஞ்சமே கொஞ்சம் நூல்..."

"என் வயித்துல என்ன கடையா வச்சிருக்கேன்? போடி, மழை வருது" என்று சிலந்தி பட்டைக்குள் புகுந்துகொண்டாள்.

முதல் துளி விழுந்தது. காத்தாயிக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"நானும் நானும்னு உயிரை எடுத்தியே, வாடி! நீ பண்ணின காரியத்தை வந்து பாரு!" என்று சிக்கிலிருந்து பொட்டுவை உருவி, இடுப்பைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு இலையின் ஓரத்தில் மூக்கு இடிக்கும்படி வைத்துக் காட்டினாள். பொட்டு 'ஓ'வென்று வாயைத் திறந்து அழுதாள். வாயிலிருந்து நூல் வந்து இலையில் ஒட்டியது. காத்தாயி அதைப் பார்க்கவில்லை. கோபம் தீராமல் எதிர் இலைக்கு இழுத்துப் போய் அங்கேயும் மூக்கை வைத்தாள். நூலும் கூடவே வந்து ஒட்டியது. இரண்டு இலையும் ஒன்றாக நின்றன.

அப்போதுதான் காத்தாயி பார்த்தாள். பிள்ளையைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"ஐயோ, அது உன் போர்வை நூலுடி! தீர்ந்துபோச்சுன்னா எதைப் போத்திக்கிட்டுத் தூங்குவே?"

பொட்டு மூக்கை உறிஞ்சினாள். "இதான் போர்வைம்மா. எல்லாருக்கும் சேர்த்துப் பெரிசா. பேசிக்கிட்டே நிக்காதே, தூக்கு என்னை. அந்த ஓரம் இன்னும் திறந்து கிடக்கு."

காத்தாயி பிள்ளையைத் தூக்கினாள். பொட்டுவின் நூல் தீர்ந்ததும் அடுத்த பிள்ளை, அதன்பின் அடுத்தது. தையல் கோணல்மாணல்தான். ஆனாலும் மழை கொட்டித் தீர்த்தபோது ஒரு பிள்ளைகூட நனையவில்லை. உள்ளே படுத்துக்கொண்டு, இந்தத் தையல் நான் போட்டது, இல்லை நான் போட்டது என்று அவை போட்ட சண்டையில் காத்தாயிதான் கண்ணை மூடவில்லை.

அன்று முதல்தான் முசுறு எறும்பு வீடு தைக்கும்போதெல்லாம் பிள்ளையை வாயில் தூக்கிக்கொண்டு இலைக்கு இலை அலைகிறது, அதன் பிள்ளைகளும் தனியாகப் போர்வை நெய்துகொள்வதில்லை. மாங்காய் பறிக்கப் போய்த் தெரியாமல் அந்த வீட்டில் கை வைத்தால் ஏன் அப்படிக் கடிக்கிறது என்று கேட்காதீர்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வீட்டைத் தைத்துப் பாருங்கள், தெரியும்.