பதினொரு மணி டீ

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. திருப்பூரில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சீடர் தண்டபாணி இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் மேனேஜராக இருந்தவர். மில்லை மூடியதும் யசோதாவிடம் வந்து சேர்ந்தார். யசோதா பனியன் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறவர். எங்கே வேலை தேங்குகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில்.

யசோதாவுக்கு ஒரு பழக்கம். கம்பெனிக்குப் போய்விட்டு யார் திரும்பி வந்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"டீ யார் கூடங்கண்ணா குடிச்சீங்க?"

"முதலாளி ரூம்லதான் மேடம். பிஸ்கட்டும் வெச்சாங்க."

"சரிங்கண்ணா" என்பார் யசோதா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மேடம் தன் வயிற்றைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார் என்று தண்டபாணி ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷர்.

ஆறாம் மாதம் அவருக்குத் தனியாக ஒரு கம்பெனி கிடைத்தது. டீ-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். முதலாளி செந்தூரன் சின்ன வயசுக்காரர், அப்பாவுக்குப் பிறகு பொறுப்பேற்று ஒரு வருஷம்தான் ஆகிறது. இந்த ஒரு வேலை சரியாக அமைந்தால் தண்டபாணி தொழிலில் காலூன்றிவிடுவார். இல்லையென்றால் மச்சானுடைய பாத்திரக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது அவர் எண்ணம்.

மூன்று நாள் போனார். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜைகள் வடக்கு ஜன்னல் ஓரமாகக் கிடந்தன. பேக்கிங் உள்ளே, அந்தக் கோடியில். பார்த்து முடித்ததைப் பெண்கள் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தண்டபாணி பின்னாலேயே போய் எண்ணினார். ஒரு நடைக்கு நாற்பத்திரண்டு காலடி. மேஜைகளைப் பேக்கிங் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டால் அத்தனையும் மிச்சம். படமெல்லாம் போட்டு முப்பது பக்கம் எழுதினார். யசோதாவிடம் காட்டக்கூடப் பொறுமையில்லை. சனிக்கிழமை மாலை நேராக முதலாளிக்கு அனுப்பிவிட்டு, யசோதாவுக்கு ஒரு நகலை அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்தபோது அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"இப்பத்தான் செந்தூரன் போன் பண்ணினார் மேடம். இன்னைக்கே மேஜையை மாத்தறாராம். பதினொரு மணி டீ முடிஞ்சதும் தூக்கறாங்களாம்."

"ம்."

"ஒண்ணு கேக்கணும் மேடம். இந்தத் தொழில்ல கெட்டிக்காரனாகறதுக்கு நான் இன்னும் என்ன கத்துக்கணும்?"

யசோதா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். டியூப் லைட்டைப் போட்டார். மேஜை டிராயரிலிருந்து இரண்டு துண்டுத் துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல கருப்பு எதுங்கண்ணா?"

"ரெண்டும் கருப்புதான்."

"நல்லாப் பாருங்க."

தண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரெண்டும் கருப்புங்க மேடம். சத்தியமா."

யசோதா ஜன்னலைத் திறந்தார். ஒரு துண்டு கருப்பாகவே இருந்தது. இன்னொன்று கருநீலம்.

தண்டபாணி துணியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"மேடம், அந்த வடக்கு ஜன்னல்..."

"மணி பத்தேகால் ஆகுதுங்கண்ணா" என்றார் யசோதா.

கம்பெனிக்குப் போகிற வழியில் தண்டபாணி மூன்று தடவை வண்டியை நிறுத்திப் போன் போட்டார். செந்தூரன் எடுக்கவில்லை. கம்பெனி வாசலை அவர் அடைந்தபோது டீ மணி அடித்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு எதிராக உள்ளே ஓடிப் பார்த்தார். மேஜைகள் ஜன்னல் ஓரத்திலேயே கிடந்தன. அப்பாடா என்று ஒரு மேஜை மேலேயே சாய்ந்துகொண்டார்.

அப்புறம் முதலாளி அறைக்குப் போகவில்லை. வெளியே டீ வண்டிக்குப் போனார். அங்கே செக்கிங் பெண்களுக்கெல்லாம் தலைமையான பூங்கொடி, பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சார், உங்களுக்கு டீ உள்ளயே வருமே."

"இன்னைக்கு இங்க குடிக்கறனுங்க. ஏனுங்கம்மா, அந்த மேஜையெல்லாம் எதுக்கு ஜன்னல்கிட்டப் போட்டிருக்கு?"

பூங்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு நாளா எங்க பின்னாலயே காலடியை எண்ணிட்டுத் திரிஞ்சீங்க. அன்னைக்கே வாயைத் தொறந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க."

அப்புறம் சொன்னார். பெரியவர் காலத்தில் ஒரு மழை வாரம் டியூப் லைட்டில் வைத்துப் பார்த்தார்கள். கருநீலத்தில் இரண்டு ஷேடு கலந்தது தெரியவில்லை. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. செக்கிங்கில் ஏழு பேரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மேஜை ஜன்னலை விட்டு நகர்ந்ததில்லை. சின்னவர் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது தெரியாது.

"அப்ப அந்த நடை?"

"அதுக்கு ஒரு தள்ளுவண்டி கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. யாரு காதுல வாங்கறாங்க."

தண்டபாணியின் டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு முதலாளி அறைக்குப் போனார். படியேறும்போது மச்சானுடைய பாத்திரக் கடை கண் முன்னால் வந்தது. வந்தால் வரட்டும் என்று கதவைத் தட்டினார்.

"தம்பி, என் ரிப்போர்ட் தப்புங்க. மேஜையைத் தொடாதீங்க."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். செந்தூரன் ஆர்டர் நோட்டைப் புரட்டினார்.

"இந்த வாரம் போறது பூராவும் கருநீலம்தானுங் சார்."

தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

"காலைல எட்டு மணிக்கே மேடம் கூப்பிட்டாங்க" என்றார் செந்தூரன். "டீ முடியற வரைக்கும் எதையும் தொடாதீங்க, அதுக்குள்ள அண்ணன் வந்து ஒண்ணு சொல்லுவாருன்னாங்க. என்னன்னு கேட்டேன். அது அவரு வாயால வரட்டும்னாங்க."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங் சார். புது ரிப்போர்ட் எப்பக் குடுப்பீங்க?"

வெளியே வந்த தண்டபாணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தன் பிழைப்பும் தப்பித்தது, அந்தப் பெண்களின் பிழைப்பும் தப்பித்தது. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலேயே தெருமுனை வரை உருட்டிக்கொண்டு நடந்தார்.

ஆபீசில் யசோதா தலை நிமிரவில்லை.

"டீ யார் கூடங்கண்ணா குடிச்சீங்க?"

"செக்கிங் பூங்கொடிம்மா கூடங்க மேடம்."

யசோதா நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். ஆறு மாதத்தில் இப்போதுதான் இப்படிச் சிரிக்கிறார் என்று தண்டபாணிக்குத் தோன்றியது.

தண்டபாணி எதிரில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "அந்த முப்பது பக்கமும் குப்பைக்குப் போகட்டும் மேடம். இது ஒரு பக்கத்துக்கு மேல வராது. மேஜை இருக்கற எடத்துலயே இருக்கட்டும், தள்ளுவண்டி ஒண்ணு வாங்குங்கன்னு எழுதினாப் போதும்." பேனா மூடியைக் கழற்றியவர் நிறுத்தினார். "யோசனை சொன்னவர்னு மேல ஒரு பேர் போடணுமே. என் பேரைப் போடட்டுமா, உங்க பேரைப் போடட்டுமா?"

"டீ யார் கூடக் குடிச்சீங்களோ, அவங்க பேரைப் போடுங்கண்ணா."