இளவரசனின் பட்டங்களும் வல்லியின் பட்டமும்

கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். கதை முடிந்ததும் கேள்வி கேட்பேன். அப்போது திருதிருவென்று முழித்தால் நான் பொறுப்பில்லை.

நீராழி நாடு என்று ஒரு நாடு. பெரிய ஏரி, ஏரிக்கரையில் ஊர், ஏரிக்கு நடுவே அரண்மனை. விடிந்தால் போதும், பனிமூட்டம் எழும்பிப் படித்துறை, மதில், கோபுரம் எல்லாவற்றையும் மூடிவிடும். கரையிலிருந்து பார்த்தால் அரண்மனை நிற்கிறதா, மிதக்கிறதா என்று சொல்ல முடியாது. அந்த ஊர்க்காரர்களும் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவர்கள். அவர்கள் கண்ட கனவுகளிலேயே அழகானது இளவரசன் நெடுங்கோ.

அவன் மன்னர் மாறவேளின் ஒரே தம்பி. எங்கே போனாலும் கட்டியக்காரர் அணியன் வெள்ளித்தடியோடு முன்னே நடந்து அவன் பட்டங்களைக் கூவுவார். "நீர்நாட்டுத் திலகம் வருகிறார், ஏழைப் பங்காளர் வருகிறார், சொல் தவறாச் செம்மல் வருகிறார்" என்று அது நீண்டுகொண்டே போகும். பட்டம் முடிவதற்குள் வாசல் வந்துவிடக் கூடாதே என்று நெடுங்கோ மெல்ல மெல்ல நடப்பான். துணி துவைக்கிற பெண்கள் சேலையை ஏரியோடு விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வல்லி என்றொருத்தி, அரண்மனைப் பூசைக்குத் தாமரை பறித்துக் கொடுக்கிறவள். ஒருநாள் அவள் சபைக்கு வந்தாள்.

"ஏரி மண்டபத்தில் இளவரசர் என் கையைப் பிடித்து இழுத்தார். வேண்டாம் என்று கெஞ்சினேன். விடவில்லை" என்றாள்.

சபை நெடுங்கோவைப் பார்த்தது. அவன் சிரித்தான். "இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. பொய் சொல்கிறாள்."

சபையும் சேர்ந்து சிரித்தது. அன்றிலிருந்து அவள் பொய்க்காரி வல்லி. பூ வாங்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அவள் அழவில்லை. காலையானால் பூக்கூடையோடு சபை வாசலில் வந்து நிற்பாள்.

"எனக்கு எதுவும் வேண்டாம். இளவரசருக்கு அத்தனை பட்டம் இருக்கிறது. எனக்கு இந்த ஒன்றுதான். இதை எடுத்துவிடுங்கள், போதும்" என்பாள்.

கடைசியில் இளவரசனின் படகோட்டிக்கே மனசு கேட்கவில்லை. "நான்தான் அவரை மண்டபத்தில் இறக்கிவிட்டேன். அந்தப் பெண் கத்தியது என் காதில் விழுந்தது" என்று மன்னரிடம் வந்து அழுதான். அப்போது அங்கே இருந்தவர்கள் அரசி உமையாளும், கதவருகே நின்ற அணியனும்தான். மன்னர் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். நெடுங்கோ தலையைக் குனிந்துகொண்டான்.

மன்னருக்கு இரண்டு பக்கமும் இடி. சாகக் கிடந்த தாயிடம், "தம்பியை ஊர் முன்னால் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். முடிசூடியபோது, "முறையிட்டு வந்தவரைத் தீர்ப்பில்லாமல் அனுப்ப மாட்டேன்" என்று நாட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். யோசித்து யோசித்து ஓர் உத்தரவு போட்டார். இன்று முதல் நெடுங்கோவுக்கு எந்தப் பட்டமும் கிடையாது, அக்கரைத் தீவில்தான் அவன் வாசம். காரணம் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வாக்கையும் காப்பாற்றிவிட்டோம் என்று மன்னர் மூச்சு விட்டார்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? தங்கமான பிள்ளைக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றது. யார் வைத்திருப்பார்கள்? பொய்க்காரி வல்லிதான்.

இது அரசி காதுக்குப் போயிற்று. அவள் தானே படகேறி வல்லியின் குடிசைக்கு வந்தாள். "அந்தப்புரத்தில் என்னோடு வந்து இரு, மகளே. அங்கே உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை.

"தாயே, வீட்டுக்குள் நான் எப்போதும் நல்லவள்தான். வெளியில்தான் பொய்க்காரி" என்று சொல்லி வல்லி கும்பிட்டாள்.

நெடுங்கோ தீவுக்குப் புறப்பட்ட காலையில் பனி அப்படி ஒரு பனி. கரையெல்லாம் கூட்டம், ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆள் முகம் தெரியாது. இளவரசன் வந்தான். முன்னே கட்டியம் இல்லை. தன் பாதக்குறட்டின் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பான். பழக்க தோஷத்தில் படித்துறையில் நின்று காத்திருந்தான்.

"அணியா, ஒரே ஒரு தடவை. கடைசியாக ஏதாவது சொல்."

"சொல்கிறேன், இளவரசே" என்றார் அணியன். சபை அனுமதிக்காத சொல்லைக் கூவினால் கட்டியக்காரர் வேலையும் போகும், ஊரும் போகும். அது தெரிந்தேதான் தடியைத் தரையில் தட்டினார்.

"வல்லிக்குத் தீங்கு செய்தவர் போகிறார். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தும் அவளைப் பொய்க்காரி என்றவர் போகிறார். வழி விடுங்கள்."

தண்ணீர் மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று ஏரிக்கரைக்காரர்களுக்குத் தெரியும். ஒரு படித்துறை பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் கேட்டது. அன்றே மன்னர் அணியனின் தடியைப் பிடுங்கி, ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். மன்னர் தண்டனை கொடுத்தார். அரசி அடைக்கலம் தந்தாள். கட்டியக்காரர் கட்டளையை மீறினார். இந்த மூவரில் வல்லிக்கு நியாயம் செய்தது யார்?

என்னைக் கேட்டால் அணியன்தான். அரசியின் அன்பு மெய்தான். ஆனால் அது வல்லியை ஒளித்து வைக்கிற அன்பு. மன்னர் தம்பியிடமிருந்து எதையெதையோ பறித்தார், அதில் ஒன்றுகூட வல்லியிடம் வந்து சேரவில்லை. அவளைப் பொய்க்காரி என்றது ஊரறிய. அதைத் துடைக்கிறதும் ஊரறியத்தான் நடக்க வேண்டும். கட்டளையை மீறினால் தண்டனை உண்டு. அதை அணியன் மறுக்கவில்லை, தலைகுனிந்து வாங்கிக்கொண்டு போனார். அன்று காலை வல்லி பூப்பறிக்கப் போகவில்லையாம். அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பனிக்குள் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாளாம்.