இரவல் கண்

“மூடின கண்ணைத் திறக்க முடியுமா மிஸ்?”

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் கேட்டது இதைத்தான். செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை.

ரிஸ்வானா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயசு. படம் திருத்த, வீடியோ வெட்ட, எழுத்து ஓடவிட என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சாஃப்ட்வேர் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பாத்திரக் கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலில் கறுப்புச் சார்ட் அட்டை ஒட்டியிருக்கும். காலை பதினொரு மணிக்கே அங்கே இருட்டுதான்.

வந்தவருக்கு அறுபது இருக்கும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

“யார் கண்ணு சார்?”

“என் வீட்டுக்காரி. கோமு.”

“தூங்கும்போது எடுத்த படமா?”

“செத்தப்புறம் எடுத்தது.”

அவள் முகம் மாறவில்லை. அந்த ஊருக்கு இது புதுசில்லை. குளிப்பாட்டி, பட்டுச்சேலை கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அப்புறம் அஞ்சலி பேனருக்குக் கண்ணைத் திறந்து கொடுங்கள் என்று மாதத்துக்கு ரெண்டு பேராவது வருவார்கள்.

“வேற படமே இல்லையா?”

“வெள்ளத்துல ஆல்பம் பூரா கூழாப் போச்சு. போனும் போச்சு. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர்ல இது ஒண்ணுதான் மிஞ்சிக் கிடந்துது. மக சங்கரிக்கு ஆவணி பத்துல கல்யாணம். மண்டபத்துல பெரிய திரை வைக்காங்க. அதுல கோமு கண்ணைத் திறந்து சிரிக்கணும். அம்புட்டுத்தான்.”

“நானே செஞ்சு தந்திரட்டுமா?”

“வேண்டாம் மிஸ். வேத்து ஆள் கை அவ மேல படக்கூடாது. எனக்குச் சொல்லிக் குடுங்க.”

“பொண்ணு கேட்டாளா?”

“அவ எங்க கேக்கா? வேண்டாம்ப்பாங்கா. நாந்தான் அவளுக்காகச் செய்யுதேன்.”

ரிஸ்வானா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

*

“முதல் பாடம் அன்டூ. கன்ட்ரோலும் இசட்டும் சேத்து அமுக்கணும். ஒரு தடவை அமுக்கினா ஒரு படி பின்னால போகும்.”

“பின்னால போகவா வந்தேன்? முப்பத்திரெண்டு வருசம் ரைட் ரைட்டுன்னே சொல்லிப் பழகினவன் நான்.”

“ரெண்டாவது, இந்த ஃபைலை மூடாதீங்க. திறந்திருக்கிற வரைக்குந்தான் அதுக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருக்கும். மூடிட்டா எங்க ஆரம்பிச்சோம்னு அதுக்கே தெரியாது.”

“சரி. கண்ணு?”

“கண்ணு கடைசில. அதுவும் என்கிட்டக் கேட்டுட்டு.”

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். சொன்னதைக் கேட்கப் போகிறவர் இப்படி வேகமாகத் தலையாட்டுவதில்லை.

வெட்டுவது, நகல் எடுப்பது, ஒட்டுவது, ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை அடுக்குவது என்று நாலைந்து காரியங்களைக் காட்டிவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போனாள் ரிஸ்வானா.

அவள் மாடிப்படி இறங்குவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

முதல் காரியமாக, சுற்றி நின்ற சொந்தக்காரர்களை எல்லாம் ஓரத்தோடு வெட்டித் தள்ளினார். யார் எவர் என்று பார்க்கவில்லை. கோமுவின் முகம் மட்டும் மிஞ்சியது.

அடுத்து, சங்கரியின் நிச்சயதார்த்தப் படம் ஒன்றை அதே ஃபைலில் அடுக்கினார். சங்கரிக்கு அப்படியே அம்மா கண்ணு. ஊரே சொல்லும். அந்த ரெண்டு கண்ணையும் கோடு போட்டு வளைத்தார். கீபோர்டில் குனிந்து எழுத்தைத் தேடி அமுக்கினார். கோமுவின் மூடிய இமைகளின் மேல் ஒட்டினார். அளவைக் கொஞ்சம் குறைத்தார். நிறத்தையும் கொஞ்சம் மாற்றினார். மகள் படத்தைத் திரையில் தெரியாதபடி மறைத்துவிட்டு, அத்தோடு அதை மறந்தும் போனார்.

கோமு அவரைப் பார்த்தாள்.

மூணு வருஷத்துக்கு அப்புறம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு அழுதார்.

ரிஸ்வானா வந்து பின்னால் நின்றதுகூடத் தெரியவில்லை.

“திறந்துட்டீங்க.”

“திறந்துக்கிட்டா மிஸ்.”

“யாரோட கண்ணு?”

“சொந்தந்தான்.”

அவள் திரையையே வெகுநேரம் பார்த்தாள்.

“ஃபைலை மட்டும் மூடாதீங்க” என்றாள்.

*

மறுநாள் அவர் சொன்னார்: “கழுத்துக்குப் பின்னால நாலு விரல் தெரியுது மிஸ். யாரோ எவளோ. அழிச்சிட்டேன்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“விரல்ல என்ன பாக்க?”

அதற்கு மறுநாள் நெற்றிக் காசு போனது. தாடைக் கட்டை எடுக்க ரெண்டு நாள் ஆனது. உதட்டோரத்தை ஒரு நூல் அளவு தூக்கிவிட்டார், சிரிப்பு வந்துவிட்டது. ஆள் ஆர்வமாகத்தான் கற்றார், அதில் குறை சொல்ல முடியாது.

“வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று ரிஸ்வானா தினமும் கேட்டாள்.

“சங்கரிக்குத்தான் கண்ணு மங்கலா இருக்காம். டாக்டர்ட்டக் காட்டியாச்சு. கண்ணுல ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. கல்யாணக் கவலை, வேற என்ன.”

மத்தியானம் படிக்க வரும் பெண்கள் அந்தத் திரைக்கு எதிரே உட்கார மாட்டோம் என்றார்கள். எந்த மூலைக்குப் போனாலும் அந்தம்மா நம்மையே பார்க்கிறாள் மிஸ் என்றார்கள். ரிஸ்வானா ஒரு பச்சைத் துண்டை எடுத்துத் திரை மேல் போட்டாள். கறுப்புக் கோடு போட்ட துண்டு.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சங்கரி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கையால் தடவித் தடவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“லைட்டைப் போட்டுக்கிட்டு செய்யக் கூடாதா தாயி?”

“லைட்டு எரியலையாப்பா? மத்தியானத்துல இருந்தே ஒரே பச்சையா இருக்கு. கறுப்புக் கோடு போட்ட துணி மாதிரி.”

லைட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆவுடையப்பன் துண்டைப் பார்த்ததில்லை. அவர் போன பிறகு போட்டு, அவர் வருமுன் எடுத்துவிடுவாள் ரிஸ்வானா. அதனால், “போய் ஒறங்கு, சரியாப் போகும்” என்றார்.

*

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது.

கோமுவின் தலையில் மல்லிகைச் சரம் வைத்துவிட்டு வந்ததோடு படம் முடிந்தது. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது சங்கரி கேட்டாள்.

“நேத்து ஏம்ப்பா அழுதீங்க?”

“எப்ப?”

“அந்த இருட்டு ரூம்ல. உங்க மூஞ்சி ரொம்பக் கிட்டத்துல இருந்துச்சு. நீலமா. பூ வைக்கேன் கோமு, பூ வைக்கேன்னு வாயசைச்சீங்க.”

டம்ளர் அவர் கையில் நின்றுபோனது. அந்த அறைக்கு அவள் வந்ததே இல்லை.

“வேற... வேற என்ன தெரியுது தாயி?”

“உங்களுக்குப் பின்னால முக்காடு போட்ட ஒரு பொண்ணு நிக்கும். ஜன்னல்ல கறுப்பு அட்டை. அது மட்டுந்தாம்ப்பா தெரியுது. நீங்க இப்ப எங்க உக்காந்திருக்கீங்க? இங்கதானா?”

அவள் கையை நீட்டித் துழாவினாள். கை அவர் தோளில் பட்டது.

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது. அதில் ஆள் இல்லை.

*

செருப்போடு உள்ளே ஓடிவந்தார். நடந்ததை மூச்சுவாங்கச் சொன்னார்.

ரிஸ்வானா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வெட்டினீங்களா, நகல் எடுத்தீங்களா?”

“நகல்தான் மிஸ். எக்ஸ்...”

“நகலுக்கு சி. வெட்டுறதுக்கு எக்ஸ். பக்கத்துல பக்கத்துல இருக்கும்.”

அவள் குனிந்து, அவர் மறைத்துவைத்த படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

சங்கரி நிச்சயதார்த்தச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் இருந்த இடத்தில் ரெண்டு ஓட்டை. ஓட்டைக்குள் வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கட்டம். ஒன்றுமில்லாத இடத்தை அந்த சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும்.

ஆவுடையப்பன் மவுஸைப் பிடித்தார்.

“இதைத் திருப்பி வெட்டி அங்க ஒட்டிருவோம் மிஸ்.”

“அளவை மாத்திட்டீங்க. நிறத்தை மாத்திட்டீங்க. இனி அது அவங்க கண்ணு. ஒட்டினா உங்க பொண்ணு முகத்துல இருந்து உங்க வீட்டுக்காரிதான் பாப்பாங்க.”

“அப்ப?”

“முதல் பாடம்.”

அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் திரையைப் பார்த்தார். கோமு பூ வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டேன்” என்றார். “ஒரு தடவை போக விட்டது போதும் மிஸ். என் கையால இன்னொரு தடவை என்னால முடியாது.”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மேசைக்கு அடியில் யூ.பி.எஸ் கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

“பத்து நிமிஷம் தாங்கும்” என்றாள் ரிஸ்வானா. “அப்புறம் ஃபைல் தானா மூடிக்கிடும்.”

அவர் போனை வாங்கி, மகள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள்.

“அப்பா” என்றது போன். “உங்களை நல்லாத் தெரியுது. ஏன் இப்படி வேத்துப் போய் உக்காந்திருக்கீங்க?”

அவர் கன்ட்ரோலையும் இசட்டையும் அமுக்கினார்.

மல்லிகைச் சரம் போனது.

அமுக்கினார். அமுக்கினார். உதடு இறங்கியது. சிரிப்பு போனது.

தாடையைச் சுற்றித் துணி வந்து இறுக்கிக்கொண்டது. கோமு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நெற்றியில் காசு வந்து உட்கார்ந்தது.

கழுத்துக்குப் பின்னால் நாலு விரல் முளைத்தது.

யூ.பி.எஸ் இப்போது விடாமல் கத்தியது. அவர் விரல் இசட் மேல் நின்றது. அடுத்தது கண்.

“கோமு” என்றார். “பெறகு எங்கட்டி உன்னைப் பாக்க?”

“அப்பா, அழாதீங்க” என்றது போன். “எனக்குத் துடைச்சுவிட முடியல.”

அமுக்கினார்.

இமை மூடிக்கொண்டது.

போனில் ஏதோ பாத்திரம் உருண்டது.

“அப்பா. காலண்டர் தெரியுது. உங்க காப்பி டம்ளர் தெரியுது. அடுப்புல பால் பொங்கிக் கிடக்குப்பா.”

ஆவுடையப்பன் நாற்காலியில் சரிந்தார். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தார்.

“இன்னும் ஒரு படி இருக்கு சார்” என்றாள் ரிஸ்வானா.

“கண்ணு வந்துட்டுல்லா? இனி என்ன?”

“முதல்ல எதை வெட்டினீங்க?”

அமுக்கினார்.

வெட்டித் தள்ளிய ஓரமெல்லாம் திரும்பி வந்தது. நாற்காலி வந்தது. கொழுந்தன்மார், மதினிமார், எதிர்வீட்டு ஆச்சி எல்லாரும் வந்து வரிசையாக நின்றார்கள். கோமுவின் முகத்தையே பார்த்தபடி பக்கத்தில் அவரும் நின்றார்.

நாற்காலிக்கு நேர் பின்னால் சங்கரி நின்றாள். தாவணியை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கை நாற்காலி முதுகில் இருந்தது. மற்றக் கை அம்மாவின் பின்கழுத்தைத் தாங்கியிருந்தது. நாலு விரல் வெளியே தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் கேமராவையும் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல், அவள் ஒருத்திதான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை அணைந்தது.

இருட்டில் போன் வெளிச்சம் மட்டும் இருந்தது.

“தாயி.”

“சொல்லுங்கப்பா.”

“அன்னைக்கு அம்மா தலையைப் பிடிச்சிருந்தது நீயா?”

“ஆமா. சாஞ்சுக்கிட்டே இருந்துச்சுல்லா.”

“எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தே?”

“காலைல இருந்து. அம்மாவைத் தூக்கிட்டுப் போற வரைக்கும்.”

அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“கை வலிக்கலையா தாயி?”



“இப்பதான் கேக்கீங்க” என்றாள்.