புல் மேய்ந்த குற்றவாளி

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், வெளிமான் என்றால் உயிரை விடும் அரசர் ஒருவர் இருந்தார். தலைநகருக்கு வடக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாக மான்கள் அங்கே துள்ளுவதைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஒரு கோடையில் மான்கள் குறைந்துபோயிருப்பதைக் கண்டு அவர் துடித்துப்போனார்.

"இடையர்களின் மாடுகள் புல்லைத் தின்று தீர்க்கின்றன, பிரபு" என்றான் குதிரைப்படைத் தலைவன் தண்டகன்.

அரசர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அன்றே முரசு அறைந்தார்கள்: "அரசரின் புல்வெளியில் எந்த விலங்கு மேய்ந்தாலும் பிடித்துக் கட்டப்படும். அதற்கு உடையவர் எவராயினும் பாதி மீசை சிரைக்கப்படும்!"

அவையில் விகடகவி கொன்றையாண்டி மட்டும் எழுந்து, "மாடும் மானும் காலங்காலமாக ஒரே வெளியில் மேய்ந்தவை ஆயிற்றே. இடையர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அரசே" என்றான்.

தன் வீரப்பேச்சைக் கேலி செய்து அவையைச் சிரிக்கவைப்பவன் என்று தண்டகனுக்கு அவன்மேல் நெடுநாள் எரிச்சல். "இவ்வளவு அக்கறை உள்ளவரே காவல் பொறுப்பை ஏற்கட்டும். ஆணையை ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றட்டும். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றான். அரசரும் தலையசைத்தார்.

கொன்றையாண்டி பொறுப்பேற்கப் போவதற்குள் தண்டகனின் வீரர்கள் முந்திக்கொண்டார்கள். புல்வெளி ஓரத்தில், பிடிபட்ட மாடுகளை அடைக்கும் கொண்டித் தொழுவத்தில் பசுக்கள் மடி கனத்து நின்றன. வேலிக்கு வெளியே கன்றுகள் கதறின. பாதி மீசை இழந்த ஓர் இடையர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சிலம்பாயி ஆத்திரத்தோடு எழுந்து வந்தாள்.

"மான் குட்டி போடுற காலத்துல அந்தப் பக்கமே மாட்ட ஓட்ட மாட்டோம், சாமி. ஒரு எடம் மேஞ்சா அடுத்த மழை வரைக்கும் அத விட்டுருவோம். மீறி ஓட்டுறவன நாங்களே மறிச்சுக் கேப்போம். மாடு கடிச்ச எடத்துல துளிர்க்கிற குருத்துக்குத்தான் மானே வரும். தளபதி குதிரைங்க குளத்தங்கரைய விட்டு நகர்றதே இல்ல. மான் தண்ணிக்கு எங்க போகும்?"

"தளபதியின் குதிரைகளா?"

"வாங்க, காட்டுறேன்."

குளத்தைச் சுற்றிப் புல்லின் வேர்கூட மிஞ்சவில்லை. குதிரைகள் கரையை அடைத்துக்கொண்டு நின்றன. தூரத்து மேட்டில் மான்கள் நாக்கு வறண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. சிரிப்பு மூட்டிப் பிழைக்கும் கொன்றையாண்டியின் வாயில் அன்று ஒரு வேடிக்கையும் வரவில்லை.

"ஆணையை நிறைவேற்றுவோம்" என்றான். "அதில் சொன்னபடியே."

மறுநாள் அரண்மனை முற்றத்தில் தண்டகனின் குதிரைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில், மிரளாதபடி கண்ணைத் துணியால் கட்டி, சிலம்பாயி அணைத்துப் பிடித்தபடி ஒரு கலைமான்.

"இவை போர்க்குதிரைகள்! ஆணை மாடுகளுக்குத்தான்!" என்று தண்டகன் கத்தினான்.

"முரசில் 'எந்த விலங்கும்' என்றுதான் கேட்டது. ஓர் எழுத்தும் பிசகக் கூடாது என்றவர் தாங்களே" என்று சொல்லி, கொன்றையாண்டி நாவிதரை முன்னே அழைத்தான்.

அரசரோ மானைப் பார்த்துக் கொதித்தார். "இதை ஏன் கட்டினாய்?"

"புல் மேய்ந்தது, அரசே. கையும் களவுமாகப் பிடித்தேன்."

"முட்டாளே! மான் புல்லை மேயாமல் வேறு எதை மேயும்?"

"மாடும் அதைத்தான் மேய்ந்தது. போகட்டும், இந்த மானுக்கு உடையவர் யார்?"

"இந்நாட்டு மான்கள் அத்தனையும் எனக்கே உரியவை!" என்று முழங்கிய அரசர் சட்டென்று நிறுத்தினார். அவர் கை தானாக மீசைக்குப் போனது. நாவிதர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அரசர் வாய்விட்டுச் சிரித்தார். அவையும் சேர்ந்து சிரித்தது.

கொன்றையாண்டி சிரிக்கவில்லை. "தாங்கள் சிரிக்கலாம், அரசே. ஒரு குற்றமும் செய்யாத மனிதர் அங்கே முகத்தைக் காட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். கன்றுகள் பாலுக்குக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துக் கிடக்கின்றன. எல்லாம் இந்தத் தளபதியின் குதிரைகள் குளத்தங்கரையை அடைத்துக்கொண்டதற்காக!"

அரசர் நாவிதருக்குச் சைகை காட்டினார். தண்டகனின் பாதி மீசை அங்கேயே கீழே விழுந்தது. அரசர் நடந்தே கொண்டித் தொழுவத்துக்குப் போய், தம் கையாலேயே படலைத் திறந்தார். கயிறு அவிழ்க்கும் முன்னே கன்றுகள் மடியில் முட்டின. இடையரிடம் அரசர், "பிழை என்னுடையது" என்றார். இடையர் மெல்லத் துண்டை முகத்திலிருந்து எடுத்தார்.

பிறகு அரசர், கலைமானைப் பிடித்தபடி உடன் வந்திருந்த சிலம்பாயியிடம், "எங்கே, எப்போது மேய்ப்பது என்பதை இனி நீங்களே முடிவு செய்யுங்கள், தாயே. மான்கள் எப்போது திரும்பும்?" என்றார்.

"குதிரைங்களக் குளத்தங்கரைய விட்டு ஓட்டியாச்சுல்ல, மகாராசா? இத அவுத்து விடுங்க, அதுவே சொல்லும்."

கண்கட்டை அவிழ்த்ததும் கலைமான் யாரையும் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வெளியைக் கடந்து குளத்தில் முழங்கால் அளவு இறங்கி, தலை தூக்காமல் குடித்தது. மேட்டிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாக இறங்கின. அரசர் குழந்தைபோலச் சிரித்து, தம் கைக்கடகத்தைக் கழற்றிக் கொன்றையாண்டிக்குப் பூட்டினார். அப்போதுதான் அவனுக்கும் சிரிப்பு வந்தது.