கை படாத டிக்கெட்

தென்காசிப் பக்கத்து அரிசி மில் முதலாளி ரத்தினசபாபதி ரயிலில் சென்னைக்கு வந்தார். கூட வந்த டிரைவர் இசக்கிமுத்துவுக்குக் காலையிலேயே பாதிப் பிராணன் போய்விட்டது. ஆட்டோ கொள்ளையாம். மெட்ரோ பாதாளமாம். நாள் முழுக்கப் போகிற பாஸ் வாங்கலாமென்றால், "எதுக்குலே பாஸு? நான் என்ன ஊர்சுத்தியா?"

கடைசியில் சாதா பஸ். அதற்கும் ஓர் உத்தரவு.

"டிக்கெட் என் சீட்டுக்கு வரணும். கண்டவன் கை பட்டதை நான் தொடமாட்டேன்."

"ஆகட்டும் முதலாளி."

பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. முதலாளி முன்னால் உட்கார்ந்துவிட்டார். பின்வாசலில் ஏறிய இசக்கி, கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

முதலாளியின் சீட்டருகே நின்ற பூக்காரர் சில்லறையை நீட்டினார். "கிண்டி ஒண்ணு. பின்னால குடுங்க சார்."

"நான் என்ன உன் வேலைக்காரனா?"

வேறொருவர் வாங்கி அனுப்பினார். கைக்குக் கை மாறி பூக்காரரின் டிக்கெட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்த நிறுத்தத்தில் செக்கர் ஏறி முதலாளியிடம் டிக்கெட் கேட்டார்.

"என் ஆள்ட்ட இருக்கு. ஏலே இசக்கி!"

"இருக்கு முதலாளி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கூட்டத்துல நான் நகர முடியாது. நடுவுல இத்தனை பேர் நிக்காங்க. ஒருத்தர் கையும் படாம எப்படி அனுப்பன்னு சொல்லுங்க, அனுப்புதேன்."

பஸ்ஸே சிரித்தது. செக்கர் அபராத ரசீதை எடுத்தார்.

"அனுப்பித் தொலைலே."

டிக்கெட் கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியாக வாங்கிய பூக்காரர் ஈரக் கையால் நீட்டினார்.

"நானும் உங்க வேலைக்காரன் இல்ல சார். இந்தாங்க, புடிங்க."